முதன்முதலாகக் கோட்டடிக்கு (நீதிமன்றத்துக்கு) போகிறவர்களுக்கு: யாழ்ப்பாணத்தில் ஒரு வழக்கு எப்படி நடக்கிறது, அங்கே யார் யார்

அழைப்பாணை கைக்கு வந்தால் முதலில் ஆறுதலாக இருந்து வாசியுங்கள். எந்த நீதிமன்றம், வழக்கு இலக்கம் என்ன, உங்களை யாராக அழைத்திருக்கிறார்கள் என்ற மூன்றும் அதில் இருக்கும். சாட்சியாக அழைக்கப்பட்டவர் தன்னைப் பிடித்து மறியலில் போடப் போகிறார்கள் என்று நினைத்து இரவிரவாக நித்திரை இல்லாமல் கிடப்பது எங்கள் ஊரில் புதிதல்ல. பொலிஸார் கொண்டுவந்து தரும் கடதாசி என்றாலே அப்படித்தான்.

நான்காவதாக ஒன்று இருக்கிறது. அதை நீங்களே கேட்டறிய வேண்டும்: அன்றைக்கு வழக்கு என்னத்துக்கு எடுக்கப்படுகிறது?

இதுதான் முழு விஷயத்துக்கும் திறவுகோல். ஒரு வழக்கு ஒரே நாளில் நடந்து முடிவதில்லை. தவணை தவணையாக நடக்கும். ஒரு தவணை பொலிஸாரின் அறிக்கைக்கு, இன்னொன்று குற்றச்சாட்டை வாசிக்க, இன்னொன்று ஆவணப் பிரதிகள் கொடுக்க, மற்றொன்று இரு பகுதியும் இணங்கிப் போவார்களா என்று பார்க்க. சாட்சிகள் கூண்டில் ஏறிச் சொல்லும் தவணைக்கு மட்டும்தான் விளக்கம் என்று பெயர். வழக்கு விளக்கத்துக்கு நியமிக்கப்பட்டிருந்தால் முழு நாளையும் ஒதுக்குங்கள். இல்லையென்றால் ஐந்து நிமிடத்தில் அடுத்த தவணை சொல்லி அனுப்பிவிடுவார்கள். லண்டனிலிருந்து லீவு போட்டு, ரிக்கெற் எடுத்து வந்து, வெறும் ‘அழைப்பாணை சேர்ப்பிக்கப்படவில்லை’ என்ற ஒரு வரிக்காக நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. சட்டத்தரணியிடம் முன்கூட்டியே இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அந்தச் செலவு மிஞ்சியிருக்கும்.

எந்த ஊர் வழக்கு எங்கே

யாழ்ப்பாண மாவட்டத்தில் யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களில் நீதிமன்றங்கள் இருக்கின்றன. சம்பவம் நடந்த இடத்தையும் அதற்குப் பொறுப்பான பொலிஸ் நிலையத்தையும் வைத்து வழக்கு போகும். சுன்னாகம், தெல்லிப்பழைப் பக்கம் என்றால் மல்லாகம். நெல்லியடி, வல்வெட்டித்துறை என்றால் பருத்தித்துறை. கொடிகாமம் சாவகச்சேரிக்கு. தீவுப்பகுதி ஊர்காவற்றுறைக்கு. நெடுந்தீவுக்காரர் காலைப் படகில் குறிகட்டுவான் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து மன்று தொடங்குமுன் போய்ச் சேர வேண்டும். கடல் கொந்தளிக்கும் காலத்தில் முதல் நாளே வந்து உறவினர் வீட்டில் தங்குவது புத்தி.

நீதவான் நீதிமன்றம் குற்ற வழக்குகளுக்கு. அடிபாடு, களவு, வாகன விபத்து, குடித்துவிட்டு ஓட்டியது எல்லாம் அங்கேதான். சாதாரணமாக அது 2 வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். சில சட்டங்கள் கூடுதலாகவும் அதிகாரம் கொடுக்கின்றன. மாவட்ட நீதிமன்றம் காணி, கடன், விவாகரத்து, மரணசாதனம் போன்றவற்றுக்கு. கொலை போன்ற பாரிய குற்றங்கள் மேல் நீதிமன்றத்தில். சிறிய ஊர்களில் ஒரே நீதிபதியே காலையில் நீதவானாகவும் பிறகு மாவட்ட நீதிபதியாகவும் இருப்பார். அதே ஆசனம், கோப்பு மட்டும் மாறும்.

பெயர் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுச் செய்திகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ‘உயர் நீதிமன்றம்’ என்றால் வேறு. இங்கே உயர் நீதிமன்றம் என்பது நாட்டின் அதியுயர்ந்த மன்று, அது கொழும்பு புதுக்கடையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் உள்ளது மேல் நீதிமன்றம்.

வழக்கு வருமுன்னரே

சின்னப் பிணக்குகள் பல நேரே மன்றுக்கு வராது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைக்கு, ஊர்வழக்கில் இணக்க சபைக்கு, முதலில் போகும். பெரும்பாலும் வார இறுதியில் ஏதாவது பாடசாலைக் கட்டடத்தில் கூடுவார்கள். அங்கே சட்டத்தரணி தோன்ற முடியாது. நீங்களேதான் பேச வேண்டும். இணக்கம் வராவிட்டால் சான்றிதழ் தருவார்கள், அதைக் கொண்டுதான் மன்றுக்குப் போகலாம். அயலவனோடு இருபது வருடம் வழக்காடுவதைவிட அந்த மேசையில் ஒரு பின்னேரம் செலவழிப்பது மலிவு என்பது என் அபிப்பிராயம். ஆனால் அடித்தவன் பலசாலி, அடி வாங்கியவள் அவன் மனைவி என்றால் இணக்கம் பேசச் சொல்லி நெருக்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

மன்றுக்குள் நிற்பவர்கள்

வாசலில் பொலிஸார் பையைப் பரிசோதிப்பார்கள். தொலைபேசியை நிறுத்திவிடுங்கள்; சத்தம் குறைத்தால் போதாது, நிறுத்துங்கள். அரைக்காற்சட்டையும் தொப்பியும் வேண்டாம். நீதிபதி வரும்போது எல்லோரும் எழும்புவார்கள், நீங்களும் எழும்புங்கள்.

மேடையில் இருப்பவர் நீதவான் அல்லது நீதிபதி. தமிழில் பேசும்போது ‘ஐயா’, ‘அம்மா’ என்றாலே மரியாதைதான், சினிமாவில் வருகிற வசனங்கள் தேவையில்லை. அவருக்குக் கீழே இருந்து வழக்கு இலக்கத்தையும் பெயரையும் கூப்பிடுகிறவர் உரைபெயர்ப்பாளர். பழைய ஆட்கள் இன்னும் அவரை முதலியார் என்பார்கள். சாட்சிக்குச் சத்தியம் செய்விப்பதும் அவரே. வடக்கில் நீதிமன்ற மொழி தமிழ். அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை அதைச் சொல்கிறது. எனவே உங்கள் வழக்கு தமிழில்தான் நடக்கும். ஆனால் சிங்களம் மட்டும் தெரிந்த பொலிஸ் உத்தியோகத்தர் சாட்சி சொன்னால் வரிக்கு வரி உரைபெயர்க்க வேண்டும், அன்றைய நேரம் இரட்டிப்பாகும்.

சுருக்கெழுத்தாளரோ தட்டச்சாளரோ பக்கத்தில் இருந்து பதிவு செய்வார். பதிவாளர் கோப்புகளுக்கும் அலுவலகத்துக்கும் பொறுப்பு. பிஸ்கால் பிரிவினர் அழைப்பாணை, கட்டளை முதலியவற்றைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள். காக்கி உடையில் கோப்புக் கட்டோடு நிற்பவர் கோட் சாஜன். எந்தப் பொலிஸ் நிலையத்து வழக்கு எப்போது எடுபடும் என்று அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. சிறைச்சாலை பஸ்ஸில் வந்து தனியாக இருத்தப்பட்டிருப்பவர்கள் விளக்கமறியல்காரர்கள், அதாவது வழக்கு முடியுமுன் தடுத்து வைக்கப்பட்டிருப்பவர்கள். அவர்களோடு கதைக்கவோ ஏதும் கொடுக்கவோ சிறைக்காவலரின் அனுமதி வேண்டும்.

கறுப்புக் கோட் போட்டவர்கள் சட்டத்தரணிகள். ஒரு காலத்தில் மன்றில் எழும்பிப் பேசும் அப்புக்காத்து வேறு, கடதாசி தயாரிக்கும் பிரக்கிராசி வேறு. 1973 ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் இரண்டையும் ஒன்றாக்கியது. ஆனாலும் பழக்கம் போகவில்லை. காணி வழக்கில் கடதாசி தயாரித்துக் கையெழுத்து வைப்பவர் ஒருவராகவும், விளக்கத்தன்று எழும்பிப் பேசுபவர் இன்னொருவராகவும் இருக்கலாம். இருவருக்கும் தனித்தனிக் கட்டணம் என்பதை முதலே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பேசிய தொகை எதற்கு, ஒரு தவணைக்கா முழு வழக்குக்கா என்று வாய்விட்டுக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

குற்ற வழக்கில் உங்கள் பக்கம் யார் என்பது பலருக்குப் பிடிபடுவதில்லை. அடி வாங்கியது நீங்களாக இருக்கலாம், ஆனால் வழக்கு உங்களுடையது அல்ல. நீதவான் மன்றில் பெரும்பாலும் வழக்கைத் தொடுப்பதும் நடத்துவதும் பொலிஸார். மேல் நீதிமன்றத்தில் சட்டமா அதிபர் சார்பில் அரச சட்டவாதி நடத்துவார். நீங்கள் முறைப்பாட்டாளர், அதோடு ஒரு சாட்சி. விரும்பினால் உங்கள் நலனைக் கவனிக்க ஒரு சட்டத்தரணியை வைத்துக்கொள்ளலாம். பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டம் அதற்கு இடம் தருகிறது. சாட்சியை மிரட்டுவது தனிக் குற்றம் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது.

வேலிச் சண்டை ஒன்று வழக்காகும் வழி

ஒரு கற்பனை உதாரணம் எடுப்போம். இரண்டு வளவுக்காரர். எல்லை வேலியைப் பிரித்துக் கட்டும்போது ஒருவர் கதியாலை அரை அடி தள்ளி நடுகிறார். வாய்த்தர்க்கம் முற்றி, ஒருவருக்குக் கையில் பொல்லால் அடி விழுகிறது. எலும்பு வெடிப்பு.

அடிபட்டவர் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுக்கிறார். வாக்குமூலத்தை உத்தியோகத்தர் எழுதுவார். நான் எல்லோருக்கும் சொல்வது: கையெழுத்து வைக்குமுன் வாசியுங்கள். சிங்களத்தில் எழுதியிருந்தால் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து, கூண்டில் நிற்கும்போது, இந்த ஒரு பக்கம் உங்கள் முன்னால் விரித்து வைக்கப்படும். பிறகு பொலிஸார் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். சட்ட மருத்துவ அதிகாரி காயத்தைப் பார்த்து அறிக்கை எழுதுவார். காயம் சாதாரணமானதா பாரதூரமானதா என்பது அந்த அறிக்கையில் தங்கியிருக்கிறது, குற்றச்சாட்டின் கனமும் அதோடு மாறும்.

அடித்தவரைப் பிடித்தால், பொதுவான சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். விசாரணை முடியாத நிலையில் பொலிஸார் பதிவு செய்வது ‘பி’ அறிக்கை. அந்தக் கட்டத்தில் அவர் சந்தேகநபர். நீதவான் பிணை கொடுப்பார், அல்லது விளக்கமறியலில் வைப்பார். பத்திரிகைகளில் நீங்கள் அடிக்கடி பார்க்கும் ‘14 நாள் விளக்கமறியல்’ இதுதான். அது தண்டனை அல்ல. 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின்படி பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விதிவிலக்கு. கொலை போன்ற, மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் என்றால் பிணைக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

பிணை எடுக்கப் போகிறவர் தேசிய அடையாள அட்டையும், கிராம அலுவலரிடம் (விதானையாரிடம்) எடுத்த வதிவிடச் சான்றிதழும் கொண்டு போங்கள். வேலை செய்பவர் என்றால் சம்பளக் கடதாசியும் உதவும். காசுப் பிணை என்றால் கையில் காசு இருக்க வேண்டும். இந்தக் கடதாசி இல்லாமல் விதானையாரைத் தேடி ஓடி, அதற்குள் மன்று கலைந்து, மகன் இன்னொரு இரவு உள்ளே இருந்த கதைகள் ஏராளம். அப்புறம், பிணையாளியாகக் கையெழுத்து வைப்பது ஊர் மரியாதைக்குச் செய்கிற காரியம் அல்ல. அவர் தவணைக்கு வராமல் ஓடினால் மன்று உங்களைத்தான் கேட்கும்.

விசாரணை முடிந்ததும் பொலிஸார் முறைப்படி வழக்குத் தாக்கல் செய்வார்கள். சந்தேகநபர் இப்போது எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், ஆகிறார். குற்றச்சாட்டு வாசிக்கப்படும். அவர் ‘குற்றவாளி’ என்றோ ‘சுற்றவாளி’ (குற்றமற்றவர்) என்றோ சொல்ல வேண்டும். குற்றவாளி என்றால் அன்றே தண்டனை வரலாம். சுற்றவாளி என்றால் வழக்கு விளக்கத்துக்குத் தவணையிடப்படும். வேலை கெடும், அலைச்சல் கூடும் என்று செய்யாத குற்றத்தையும் ஒத்துக்கொண்டு தண்டம் கட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டு விசாவுக்கோ அரச வேலைக்கோ பொலிஸ் நற்சான்றிதழ் எடுக்கப் போகும்போது அந்த ஒரு சொல் திரும்பி வரும். முதலில் சட்டத்தரணியோடு கதையுங்கள்.

விளக்கத்தன்று

சாட்சிகளை முதலில் வெளியே அனுப்பிவிடுவார்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டுவிட்டுச் சொல்லக்கூடாது என்பதற்காக. விறாந்தையில் இருந்து காத்திருக்கும்போது வழக்கைப் பற்றி மற்றச் சாட்சியோடு கதைக்காதீர்கள், எதிர்ப்பக்கச் சட்டத்தரணியின் கண்ணில் பட்டால் அதுவே உள்ளே ஒரு கேள்வியாக வரும்.

பெயர் கூப்பிட்டதும் சாட்சிக் கூண்டில் ஏறுவீர்கள். கிறிஸ்தவர் வேதாகமத்தில் சத்தியம் செய்வார். சைவர், பௌத்தர், முஸ்லிம்கள் உறுதியுரை எடுக்கலாம். முதலில் வழக்குத் தொடுநர் தரப்பு கேட்கும். இது பிரதான விசாரணை. என்ன நடந்தது என்பதை உங்கள் வாயால் சொல்ல வைப்பார்கள். பதிலை ஊட்டுகிற மாதிரிக் கேட்க முடியாது. கண்டதையும் கேட்டதையும் சொல்லுங்கள். ‘அவர் முதலே திட்டம் போட்டிருந்தார் என்று கடைக்காரர் சொன்னார்’ என்றால் அது கேள்விச் சாட்சியம். எதிர்த்தரப்பு உடனே எழும்பும். கடைக்காரர்தான் வந்து சொல்ல வேண்டும்.

மெதுவாகப் பேசுங்கள். ஒவ்வொரு பதிலும் எழுத்தில் ஏற வேண்டும். தட்டச்சுச் சத்தம் நிற்கும்வரை அடுத்த வசனத்தைத் தொடங்காதீர்கள். தலையாட்டுவது பதிவாகாது. ‘இந்தளவு தூரம்’ என்று கையைக் காட்டினாலும் பதிவாகாது, அடிக் கணக்கில் சொல்ல வேண்டும்.

பிறகு வருவதுதான் குறுக்கு விசாரணை. நம் உதாரணத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கண்கண்ட சாட்சி என்று வையுங்கள். எதிரியின் சட்டத்தரணி எழும்பி மிகவும் அமைதியாகத்தான் தொடங்குவார்.

“சம்பவம் நடந்தபோது எத்தனை மணி இருக்கும்?”

“ஏழரை இருக்கும்.”

“அன்றைக்குக் கரண்ட் இருந்ததா?”

“இல்லை.”

“அப்படியென்றால் எந்த வெளிச்சத்தில் கண்டீர்?”

“எங்கள் விறாந்தையில் லாம்பு எரிந்தது.”

“விறாந்தையிலிருந்து வேலிக்கு எத்தனை அடி?”

“அறுபது அடி வரும்.”

“லாம்பு எரிந்தது என்று பொலிஸுக்குச் சொன்னீரா?”

இங்கேதான் பல சாட்சிகள் தடுமாறுகிறார்கள். சொன்னதாக நினைக்கிறார்கள். வாக்குமூலத்தில் அது இல்லை. பொலிஸாருக்குக் கொடுத்த வாக்குமூலம் தன்னளவில் சாட்சியம் ஆகாது. ஆனால் கூண்டில் சொல்வதோடு அது ஒத்துப்போகவில்லை என்று காட்டப் பயன்படும். வேறாகச் சொல்லியிருந்தால் முரண்பாடு, சொல்லாமலே விட்டிருந்தால் விடுபாடு. சின்ன முரண்பாடுகள் வழக்கைக் கவிழ்க்காது. வருடங்கள் கழித்து அச்சொட்டாக ஒப்புவிக்கும் சாட்சியைத்தான் நீதிபதிகள் கூடுதலாகச் சந்தேகிப்பார்கள். ஆனால் வெளிச்சம் சின்ன விஷயம் அல்ல. வெளிச்சம் இல்லையென்றால் அடித்தவர் இவர்தான் என்ற அடையாளமே ஆட்டம் காணும். அந்த லாம்பு உண்மையிலேயே எரிந்திருந்தால், ‘பொலிஸார் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை’ என்பது நேர்மையான பதில். ‘சொன்னேன், அவர்கள்தான் எழுதவில்லை’ என்று உறுதியில்லாமல் அடித்துவிட்டால், அடுத்ததாக அந்தப் பொலிஸ் உத்தியோகத்தர் கூண்டுக்கு வருவார்.

கடைசியில் சட்டத்தரணி, “நீர் அந்த இடத்தில் நிற்கவேயில்லை, முறைப்பாட்டாளருக்காகப் பொய்ச்சாட்சி சொல்கிறீர்” என்பார். கோபப்படாதீர்கள். அவர் உங்களை அவமதிப்பதற்காகச் சொல்லவில்லை. தன் கட்சிக்காரரின் நிலைப்பாட்டைச் சாட்சியிடம் நேரே சொல்லிக் கேட்பது அவருடைய கடமை. கேட்காமல் விட்டால் உங்கள் சாட்சியத்தை அவர் மறுக்கவில்லை என்று மன்று கருத இடமுண்டு. “இல்லை, நான் நின்றேன்” என்ற பதில் போதும். தெரியாததைத் தெரியாது என்றும் மறந்ததை ஞாபகமில்லை என்றும் சொல்லலாம். அதன் பிறகு, குறுக்கு விசாரணையில் குழம்பியதைத் தெளிவாக்க மட்டும், மீள்விசாரணை இருக்கும்.

வைத்தியர், விசாரித்த பொலிஸ் உத்தியோகத்தர் எல்லோரும் இப்படி வந்து போவார்கள், ஒரே தவணையில் அல்ல. இடையில் நீதிபதி இடமாற்றம் பெற்றுப் போய்விட்டால் புதியவர் பதிவேட்டை வாசித்துத் தொடர்வார். வழக்கு இழுபடுவதற்கு இது ஒரு பெரிய காரணம், அதற்கு யாரையும் நோக முடியாது. ஆனால் சாட்சி வரவில்லை, அறிக்கை வரவில்லை, சட்டத்தரணிக்கு வேறு மன்றில் வேலை என்று போகும் தவணைகளுக்கு நோகலாம்.

வழக்குத் தொடுநர் தரப்பு முடிந்ததும் எதிரியின் முறை. அவருக்கு மூன்று வழி: கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து சாட்சியம் சொல்லலாம், அப்போது குறுக்கு விசாரணைக்கு முகம் கொடுக்க வேண்டும். எதிரிக் கூண்டிலேயே நின்று வாக்குமூலம் கொடுக்கலாம், அதைக் குறுக்கே கேட்க முடியாது, அதற்கேற்ப அதன் பெறுமதியும் குறைவு. ஒன்றும் சொல்லாமலும் இருக்கலாம். குற்றத்தை நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டியது வழக்குத் தொடுநர்; தான் செய்யவில்லை என்று எதிரி நிரூபிக்கத் தேவையில்லை. பொலிஸாரிடம் ‘ஒத்துக்கொண்டான்’ என்பதும் சான்றாகாது, 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் அதைத் தடுக்கிறது. இதற்குப் பெரிய விதிவிலக்கு 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம்: உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் கொடுத்த ஒப்புதலை அது அனுமதிக்கிறது. எங்கள் பகுதியில் எத்தனையோ குடும்பங்கள் ‘உண்மை விளம்பல் விசாரணை’ என்ற சொல்லைக் கேட்டறிந்தது அதனால்தான். அந்த ஒப்புதல் சுயமாகக் கொடுத்ததா, வாங்கப்பட்டதா என்பதை வழக்குக்குள்ளேயே தனியாக விசாரிக்கும் கட்டம் அது.

மேல் நீதிமன்றம்

நடைமுறை பெரும்பாலும் இதே மாதிரித்தான். தொடக்கம் மட்டும் வேறு: சட்டமா அதிபர் குற்றப்பகிர்வுப் பத்திரம் அனுப்பினால்தான் வழக்கு தொடங்கும். நீதவான் மன்றிலிருந்து கோப்பு கொழும்புக்குப் போய் அந்தப் பத்திரம் வருவதற்குள் வருடங்கள் போகலாம். சட்டத்தரணி வைக்க வசதியில்லாத எதிரிக்கு மன்றே ஒருவரை நியமிக்கும். சில குற்றங்களுக்கு எதிரி கேட்டால் 7 பேர் கொண்ட ஜூரி உண்டு, குறைந்தது 5 பேர் ஒத்துப்போக வேண்டும். ஆனால் இப்போது கேட்பவர்கள் மிகக் குறைவு.

மூன்று நீதிபதிகள் சேர்ந்து விளங்கும் ‘ட்ரயல் அட் பார்’ அரிதானது. 2015 இல் கொல்லப்பட்ட புங்குடுதீவு மாணவியின் வழக்கு அப்படித்தான் யாழ்ப்பாணத்தில் நடந்தது. 2017 செப்ரெம்பர் 27 அன்று தீர்ப்பு வந்தது. 9 எதிரிகளில் 7 பேருக்கு மரண தண்டனை, 2 பேர் விடுதலை. மரண தண்டனை விதிக்கப்பட்டாலும் 1976 க்குப் பிறகு இலங்கையில் அது நிறைவேற்றப்பட்டதில்லை. அந்த வழக்கைப் பார்த்துவிட்டு எல்லா வழக்கும் அந்த வேகத்தில் போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

காணி வழக்குக்காரருக்கு

இங்கே எதிரி இல்லை, வழக்காளி, எதிராளி. வழக்காளி தன் முறைப்பாட்டைக் கடதாசியில் போடுவார், எதிராளி மறுமொழி போடுவார். சாட்சியம் தொடங்குமுன் இரு பகுதியும் ஒத்துக்கொள்ளும் விஷயங்கள் பதியப்படும், பிறகு மன்று தீர்க்க வேண்டிய எழுவினாக்கள் வரையப்படும். சாட்சியம் முழுக்க அந்த வினாக்களைச் சுற்றித்தான் போகும். உங்கள் மனக்குறை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் எழுவினாவில் இல்லையென்றால் அதைப் பேச இடம் கிடைக்காது. நிரூபிக்கும் அளவும் வேறு. யாருடைய கதை கூடுதலாக நடந்திருக்கக்கூடியது என்று பார்ப்பார்கள்.

உறுதி, தோம்பு (பழைய காணிப் பதிவு), நில அளவை வரைபடம், வரித்துண்டு என்று கையில் உள்ள எல்லாவற்றையும் சட்டத்தரணிக்கு முதல் நாளே காட்டுங்கள். உங்களுக்குப் பாதகமானதையும் காட்டுங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் ஆதனத்துக்குத் தேசவழமைச் சட்டம் பொருந்தும். ஒல்லாந்தர் 1707 இல் தொகுத்தது, இன்னும் நடைமுறையில் இருக்கிறது. சீதனக் காணியா, வழிவழியாக வந்த முதுசமா, மணமான பிறகு தேடிய தேட்டமா என்பதைப் பொறுத்துப் பங்கு மாறும். மனைவியின் காணியை விற்க அவருடைய கையெழுத்து மட்டும் போதுமா என்பது போன்ற கேள்விகள் இங்கேதான் எழும்.

பங்கு வழக்கு, அதாவது பலருக்குப் பொதுவான காணியைப் பிரிக்கும் வழக்கு, என்றால் எல்லா உரித்தாளரையும் கட்சியாகச் சேர்க்க வேண்டும். கனடாவில் ஒருவர், பிரான்ஸில் இருவர், இறந்துபோனவரின் பிள்ளைகள் எங்கே என்று தெரியாது என்றால் வருடங்கள் அதிலேயே கழியும். நில அளவையாளர் மன்றின் ஆணையோடு வந்து அளப்பார். எல்லோரும் ஒத்துப்போனாலும் நீதிபதி உரித்தைத் தானாகவே ஆராய வேண்டும் என்பது 1977 ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டத்தின் நிலை. வெளிநாட்டில் இருப்பவர் நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்படும் அதிகாரம்) கொடுக்கலாம். ஆனால் நேரில் கண்ட விஷயத்துக்கு அவருக்காகத் தத்துவக்காரர் சாட்சி சொல்ல முடியாது.

அயலவர் திடீரென்று வேலியைப் பிரித்து உள்ளே வந்துவிட்டார், கைகலப்பு வரும் போலிருக்கிறது என்றால் உடனே பொலிஸுக்குப் போங்கள். ஊரில் ‘66 வழக்கு’ என்பது இதைத்தான். நீதவான் மன்று அங்கே உரித்தைப் பார்ப்பதில்லை, யார் ஆட்சியில் இருந்தார் என்பதை மட்டும் பார்க்கும். வெளியேற்றப்பட்டு இரண்டு மாதத்துக்குள் வழக்கு வந்திருக்க வேண்டும் என்பதால் உறவுக்காரரோடு பேசிப் பார்ப்போம் என்று நாளைக் கடத்தினால் அந்த வழி அடைபடும்.

வராமல் விட்டால்

எதிரி வராவிட்டால் பிடியாணை, பிணையும் போகலாம். சாட்சிக்கும் பிடியாணை வரும். சுகயீனம் என்றால் மருத்துவச் சான்றிதழை அன்றே சட்டத்தரணி மூலம் கொடுங்கள். காணி வழக்கில் எதிராளி வராவிட்டால் ஒருதலைப்பட்சமாக விளங்கித் தீர்த்துவிடுவார்கள். அந்தக் கட்டளை கையில் கிடைத்து 14 நாட்களுக்குள் தகுந்த காரணம் காட்டினால்தான் திருப்பி எடுக்கலாம்.

காசில்லை என்பதற்காக வராமல் விட வேண்டாம். 1978 இல் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் அலுவலகம் இருக்கிறது. வருமானத்தைப் பார்த்துச் சட்டத்தரணியை ஒழுங்கு செய்வார்கள். பராமரிப்பு வழக்குப் போடும் பெண்கள் பலர் அந்த வழியாகத்தான் வருகிறார்கள்.

தீர்ப்புக்குப் பிறகு

இரு பகுதியும் தொகுப்புரை சொன்னதும் தீர்ப்புக்குத் தவணை போடுவார்கள். குற்றவாளி என்று கண்டால் தண்டனைக்கு முன் சொல்ல ஏதும் உண்டா என்று கேட்பார்கள். வயது, குடும்பம், முன்குற்றம் இல்லாமை எல்லாம் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். தண்டம், நட்டஈடு, ஒத்திவைத்த சிறை, நேரே சிறை என்று வழக்குக்கு ஏற்ப அமையும். ஒத்திவைத்த சிறை என்றால் விடுதலை அல்ல, அந்தக் காலத்துக்குள் இன்னொரு குற்றம் செய்தால் பழையதும் சேர்ந்து வரும்.

திருப்தி இல்லையென்றால் மேன்முறையீடு. நீதவான் மன்றிலிருந்து மேல் நீதிமன்றத்துக்கு, 14 நாட்களுக்குள். மேல் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராகக் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு, அதுவும் 14 நாட்களுக்குள். மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு என்றால் 14 நாட்களுக்குள் அறிவித்தல், 60 நாட்களுக்குள் மனு. மேன்முறையீட்டில் சாட்சிகள் திரும்ப வருவதில்லை. பதிவேட்டில் உள்ளதை வைத்தே வாதம் நடக்கும். எனவே தீர்ப்புச் சொன்ன அன்றே, வீட்டுக்குப் போகுமுன், பதிவாளர் அலுவலகத்தில் தீர்ப்பினதும் சாட்சியங்களினதும் சான்றுப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். பிரதி கைக்கு வர நாளெடுக்கும், 14 நாள் அதற்காக நின்றுகொண்டிருக்காது.